பெர்ல்காரர்கள் ஏன் இன்னும் பெர்லை விடவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்ல் மொழியில் எழுதிய பழைய நிரல்களைப் பராமரிப்பது என் வேலையில் ஒரு பகுதி. புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சிலர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள், சிலர் பரிதாபத்தோடு. மறுபடி மறுபடி வாயால் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

முதலில், பெர்ல் என்றால் என்ன?

லாரி வால் என்ற அமெரிக்கர் உருவாக்கிய நிரல்மொழி. முதல் பதிப்பு 1987 டிசம்பர் 18 அன்று வந்தது. யூனிக்ஸ் கணினிகளில் நீளமான உரைக் கோப்புகளைப் படித்து, வேண்டியதைப் பிரித்தெடுத்து, அறிக்கையாகத் தருவதுதான் அதன் ஆரம்ப வேலை. லாரி மொழியியல் படித்தவர். மனிதர்கள் பேசும் மொழியில் ஒரே விஷயத்தைப் பல விதமாகச் சொல்ல முடிவதுபோல நிரல்மொழியிலும் முடிய வேண்டும் என்று நினைத்தார். "ஒரு வேலையைச் செய்யப் பல வழிகள் உண்டு" என்பதுதான் பெர்லின் தாரக மந்திரம். 1994 அக்டோபரில் வந்த பெர்ல் 5 தான் இன்றுவரை தொடர்கிறது. தொண்ணூறுகளில் இணையதளங்களின் பின்னணி வேலை பெரும்பாலும் பெர்லில்தான் நடந்தது.

அது செத்துப்போன மொழி இல்லையா?

இல்லை. 2010 முதல் ஆண்டுக்கொரு புதிய பதிப்பு வருகிறது. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் ஓடும் கணினி வைத்திருந்தால் உங்களிடமும் பெர்ல் இருக்கிறது, ஏனென்றால் அவற்றில் மென்பொருளை நிறுவும் கருவிகளில் பல அதில்தான் எழுதப்பட்டவை. புகைப்படக் கோப்புக்குள் இருக்கும் தகவல்களைப் படிக்க உலகமே பயன்படுத்தும் எக்சிஃப்டூல் பெர்ல். புக்கிங் டாட் காம் பெர்லில் வளர்ந்த நிறுவனம்.

புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. மறைக்க ஒன்றுமில்லை.

நிரல்மொழி ஒரு கருவிதானே? கருவிக்குப் போய் யாராவது விசுவாசமாக இருப்பார்களா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. என் பதில்: அவர்கள் கருவிக்கு விசுவாசமாக இல்லை, ஓர் ஒப்பந்தத்துக்கு விசுவாசமாக இருக்கிறார்கள். யாரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லை. அதற்கு இரண்டு பக்கம் உண்டு.

ஒரு பக்கம் மொழி தருவது. நீங்கள் 1996இல் எழுதிய ஸ்கிரிப்டை இன்றைய பெர்லில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு வரிகூட மாற்றாமல் ஓடும். இது தானாக அமைந்ததல்ல. புதிய பதிப்பு வருவதற்கு முன், அதனால் ஊரார் எழுதிய மாட்யூல்கள் (வேறு நிரல்களில் அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் துண்டுகள்) எவையெல்லாம் உடைகின்றன என்று ஓட்டிப் பார்த்துத் தேடுவதை மொழியை வளர்ப்பவர்கள் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்கள். உடைந்தால் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்கிறார்கள், சில நேரம் திருத்தத்தையும் எழுதியே அனுப்புகிறார்கள்.

மறுபக்கம் ஆட்கள் தருவது. அதன் பெயர் சிபான். பெர்லில் எழுதிய மாட்யூல்களை யார் வேண்டுமானாலும் ஏற்றி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் பொதுக் களஞ்சியம் அது. 1995 அக்டோபரில் திறந்தார்கள். இன்று எல்லா மொழிக்கும் இப்படி ஒன்று இருப்பதால் பெரிதாகத் தோன்றாது. அன்றைக்கு இந்த அளவில் வேறு எந்த நிரல்மொழிக்காரர்களிடமும் இல்லை. இப்போது அதில் 2 லட்சத்துக்கும் மேல் மாட்யூல்கள் இருக்கின்றன.

நம் ஊர்களில் ஏரி குளத்துக்குக் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்ததே, சிபான் நடப்பது ஏறக்குறைய அப்படித்தான். தண்ணீர் எல்லாருக்கும், தூர் வாருவதும் எல்லாரும். சந்தேகம் இருந்தால் சிபான் டெஸ்டர்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 1998இல் தொடங்கியது. நீங்கள் ஒரு மாட்யூலை ஏற்றிய சில மணி நேரத்தில், உங்களுக்கு முன்பின் தெரியாத ஆட்களின் கணினிகள் அதை இறக்கி, அதோடு வரும் சோதனைகளை ஓட்டி, முடிவை உங்களுக்கு அனுப்பிவிடும். ஒருவரிடம் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம், இன்னொருவரிடம் விண்டோஸ், மற்றொருவரிடம் பத்து வருடத்துக்கு முந்தைய பெர்ல் பதிப்பு. வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினி வைத்திருப்பவரும் தன் நிரல் சோலாரிஸ் இயங்குதளத்தில் ஓடுமா ஓடாதா என்று தெரிந்துகொள்ளலாம். மின்கட்டணம் அவரவருடையது, சம்பளம் கிடையாது.

சோதனை என்ற பழக்கமே இங்கே ரொம்பப் பழையது. 1987இல் வந்த முதல் பெர்லோடு சேர்ந்தே சோதனை நிரல்களும் வந்தன. ஒவ்வொன்றும் சரி, சரியில்லை என்று வரிசை எண்ணோடு அச்சிடும். அந்த எளிய வடிவத்தைப் பின்னாளில் வேறு மொழிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

மாட்யூல் எழுதியவர் பாதியில் விட்டுவிட்டால்?

விடத்தான் செய்வார்கள். வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஆர்வம் போகும், சிலர் இறந்தும் போகிறார்கள். அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. சிபானுக்கு மாட்யூல் ஏற்றும் வாசலுக்குப் பாஸ் என்று பெயர். அங்கே, "என்னைத் தத்தெடு", "கைமாற்றத் தயார்", "உதவி தேவை" என்ற பொருளில் மூன்று போலிக் கணக்குகள் இருக்கின்றன. மாட்யூலின் உரிமையாளர் பட்டியலில் இவற்றில் ஒன்றைச் சேர்த்துவிட்டால், பொறுப்பேற்க ஆள் தேடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எழுதியவரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லையா? முறையாகத் தேடிப் பார்த்தோம் என்று காட்டினால் நிர்வாகிகள் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றித் தருவார்கள். நிர்வாகிகளும் தன்னார்வலர்கள்தான்.

2015இல் நீல் பவர்ஸ் ஒரு சவாலை நடத்தினார். பெயர் கொடுத்தவர்களுக்கு மாதம் ஒரு மாட்யூல் ஒதுக்கப்படும், அந்த மாதத்துக்குள் அதில் ஏதாவது ஒரு திருத்தம் செய்து அனுப்ப வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் போதும். பெரிய சாதனை எதையும் எதிர்பார்க்காத திட்டம், அதனாலேயே நன்றாக ஓடியது என்பது என் எண்ணம்.

நேரில் சந்தித்துக்கொள்வார்களா?

இந்தக் கூட்டத்தின் ரகசியமே அங்கேதான் இருக்கிறது. 1997இல் பிரையன் டி ஃபாய் நியூயார்க்கில் ஒரு பெர்ல் குழுவைத் தொடங்கினார். பெயர் பெர்ல் மாங்கர்ஸ். சில ஆண்டுகளில் லண்டன், பாரிஸ், டோக்கியோ என்று ஊருக்கு ஊர் குழு முளைத்தது. மாதம் ஒருமுறை கூடுவார்கள், கொஞ்சம் பெர்ல் பேசுவார்கள், அப்புறம் சாப்பாடு, அரட்டை. சில ஊர்களில் பெர்ல் பேச்சு குறைவு, அரட்டைதான் அதிகம் என்று கேள்வி.

மாநாடுகளின் கதை இன்னும் சுவாரசியம். அப்போது பெர்லுக்கென்று நடந்த பெரிய மாநாடு ஒரு பதிப்பக நிறுவனத்துடையது. நுழைவுக் கட்டணம் மாணவர்களுக்கும் சொந்தக் காசில் வருபவர்களுக்கும் கட்டுப்படியாகாது. அதனால் 1999இல் கெவின் லென்சோ பிட்ஸ்பர்கில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மலிவுக் கட்டணத்தில் ஒன்றை நடத்தினார். வைத்த பெயர் யாப்சி, விரித்தால் "இன்னும் ஒரு பெர்ல் மாநாடு". அடுத்த ஆண்டு நடந்ததற்கு "யாப்சி 19100" என்று பெயர். காரணம் இது: பெர்லில் ஆண்டைக் கேட்டால் 1900இலிருந்து எத்தனை ஆண்டு என்றுதான் சொல்லும். அது தெரியாமல் முன்னால் 19 என்று ஒட்டி எழுதி வைத்த தளங்களெல்லாம் 2000 பிறந்ததும் 19100 என்று காட்டின. தங்கள் மொழியில் எல்லாரும் செய்த பிழையையே மாநாட்டுக்குப் பெயராக வைக்கும் ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

ஐந்தே நிமிடத்தில் முடிக்க வேண்டிய குட்டிப் பேச்சுகள் இன்று எல்லாத் தொழில்நுட்ப மாநாடுகளிலும் நடக்கின்றன. மார்க் ஜேசன் டொமினஸ் அவற்றை யாப்சிக்குக் கொண்டுவந்தது அந்த 2000 மாநாட்டில்தான். பிரபலமானவர் முக்கால் மணி நேரம் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவதற்குப் பதில், முதல்முறை மேடை ஏறுபவருக்கும் இடம் கிடைத்தது. பேச்சு சரியில்லை என்றாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை.

ஜப்பானில் இது வேறு அளவுக்குப் போனது. டோக்கியோவில் 2006 முதல் 2015 வரை நடந்த யாப்சி ஏசியாவின் பிந்தைய ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள்.

படிக்கவே முடியாத நிரல்களை எழுதிப் பெருமைப்படுவார்களாமே?

ஆமாம். மிகக் குறைந்த எழுத்துகளில் ஒரு வேலையை முடிக்கும் போட்டிக்கு கோல்ஃப் என்று பெயர். குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளுவதுபோல, குறைந்த விசைத்தட்டலில் நிரலை முடிக்க வேண்டும். டேமியன் கான்வே என்ற ஆஸ்திரேலியர் ஒரு மாட்யூல் எழுதினார். அதைச் சேர்த்து உங்கள் நிரலை ஒருமுறை ஓட்டினால் கோப்பில் உள்ளதெல்லாம் வெற்றிடமாக மாறிவிடும், ஆனாலும் நிரல் ஓடும்! லத்தீன் இலக்கணப்படி பெர்ல் எழுதவும் அவரே ஒரு மாட்யூல் செய்தார், வேற்றுமை உருபுகளோடு.

இதையெல்லாம் பார்த்துத்தான் "பெர்ல் ஒருமுறை எழுதலாம், மறுபடி படிக்க முடியாது" என்ற கெட்ட பெயர் வந்தது. அநியாயம் என்று முழுதாகச் சொல்ல மாட்டேன். நான் பராமரிக்கும் நிரல்களில் சில கோல்ஃப் போட்டிக்கே எழுதியதுபோல இருக்கின்றன. ஆனால் விளையாட்டுக்கென்று தனி இடம் இருந்தது. இப்படிப்பட்ட மாட்யூல்களைச் சிபானில் பெரும்பாலும் அக்மி என்ற தனிப் பிரிவில் வைப்பார்கள். அந்தப் பெயரைப் பார்த்ததுமே இதை அலுவலகத்தில் போடக்கூடாது என்று புரிந்துவிடும்.

பைத்தான்காரர்களுக்கும் இவர்களுக்கும் ஆகாதாமே?

கேலி உண்டு, பகை இல்லை. பைத்தானின் கொள்கை, ஒரு வேலைக்குத் தெளிவான ஒரே வழி இருப்பது நல்லது என்பது. பெர்லுக்கு நேர் எதிர். 2001 ஏப்ரல் 1 அன்று சைமன் கோசன்ஸ் ஒரு வேடிக்கை செய்தார். பெர்லும் பைத்தானும் இணைந்து பேரட் என்ற புதிய மொழியாகப் போகின்றன என்று, லாரி வாலும் பைத்தானை உருவாக்கிய கிடோ வான் ராசமும் சேர்ந்து பேட்டி கொடுத்ததாக ஒரு செய்தி. முட்டாள்கள் தினம் என்பதை மறந்து பலர் நம்பிவிட்டார்கள். அந்தப் பெயரை வீணாக்காமல், பல மொழிகளின் நிரல்களையும் ஓட்டக்கூடிய ஒரு மெய்நிகர் இயந்திரத்தை (கணினிபோலவே நடந்துகொள்ளும் மென்பொருளை) நிஜமாகவே கட்டத் தொடங்கி, அதற்குப் பேரட் என்றே பெயரும் வைத்தார்கள்.

கடன் வாங்குவதிலும் கூச்சமில்லை. இணையதள நிரலையும் வழங்கியையும் (சர்வர்) இணைக்கப் பைத்தானிலும் ரூபி என்ற மொழியிலும் நல்ல பொது முறைகள் இருந்தன. அவற்றைப் பார்த்து 2009இல் தத்சுஹிகோ மியாகாவா பெர்லுக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கிருந்து எடுத்தோம் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தார்கள்.

பெர்ல் 6 என்னதான் ஆனது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்துக்கு முதல் சோதனை வந்தது இங்கேதான்.

2000 ஜூலையில் பெர்லின் முக்கிய ஆட்கள் சிலர் ஓர் அறையில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு சின்னச் சின்ன நிர்வாக விஷயங்களையே சுற்றிச் சுற்றி வந்தது. ஜான் ஓர்வன்ட் என்பவர் காபிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் எறிந்தார். மக்களுக்கு உற்சாகம் தரும்படி பெரிதாக எதையாவது செய்யாவிட்டால் நாம் காலி என்பது அவர் வாதம். அங்கிருந்து பிறந்ததுதான் பெர்ல் 6 திட்டம். மொழியை அடியிலிருந்து புதிதாக எழுதுவது, பழையதோடு ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை என்பது முடிவு. என்னென்ன மாற வேண்டும் என்று ஊரைக் கேட்டார்கள். 361 யோசனைகள் வந்து குவிந்தன.

லாரி அவற்றைப் படித்து வடிவமைத்துக்கொண்டே இருந்தார். ஆண்டுகள் ஓடின. 2005இல் தைவானைச் சேர்ந்த ஆட்ரி டாங், ஹாஸ்கெல் மொழியில் பக்ஸ் என்ற பெயரில் பெர்ல் 6இன் ஒரு வடிவத்தை எழுத ஆரம்பித்தார். அவர் கையாண்ட முறை அப்போதைக்குப் புதிது. கேட்டவர்களுக்கெல்லாம் நிரலை மாற்றும் உரிமையைக் கொடுத்துவிடுவார். தகுதி பார்ப்பதில்லை, காத்திருக்க வைப்பதில்லை. வேகத்துக்கு அல்ல, மகிழ்ச்சிக்கே முதலிடம் என்று சொல்லியே நடத்தினார். செத்துக் கிடந்த திட்டத்துக்கு அதில்தான் உயிர் வந்தது. இதே ஆட்ரி டாங் பின்னாளில் தைவான் அரசின் அமைச்சரானார்.

பெர்ல் 6 கடைசியில் 2015 கிறிஸ்துமஸ் அன்று வெளிவந்தது. பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு. அதற்குள் வெளியே இருந்தவர்கள், "6 வரப்போகிறது, 5ஐ எதற்குப் படிக்க வேண்டும்?" என்று நகர்ந்துவிட்டார்கள். பெர்ல் 5காரர்களுக்கு மனதில் காயம்: நாங்கள் தினமும் உழைத்து வளர்க்கும் மொழியை, அடுத்த எண்ணைக் கொண்ட இன்னொன்று பழசாக்கிவிட்டதே என்று. பெர்ல் 6காரர்களுக்கும் காயம்: எங்களுடையது புது மொழி, பெயரைப் பார்த்தே பழைய பெர்ல் என்று ஒதுக்குகிறார்களே என்று. இரண்டு பக்கமும் சொன்னது சரிதான். 2019இல் பெயரை மாற்றலாம் என்று பெர்ல் 6 பக்கத்திலிருந்தே யோசனை வந்தது. லாரி சம்மதித்தார். பழைய தோல் பையில் புதிய திராட்சரசத்தை ஊற்றக்கூடாது என்ற பைபிள் வசனத்தைத் தன் ஒப்புதலில் எழுதினார். அந்த அக்டோபரில் அதன் பெயர் ராகு ஆனது. (நம் நவக்கிரக ராகு இல்லை, பயப்பட வேண்டாம்.)

பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பெயர் மீதான பாசத்தால்தான் தள்ளிப்போனது.

அப்புறம் பெர்ல் 7 என்று ஒன்று அறிவித்தார்களே?

2020 ஜூனில் அறிவித்தார்கள். அப்போது மொழியின் பொறுப்பில் இருந்தவர் சாயர் எக்ஸ். அவர் யோசனை நியாயமானதுதான். பெர்ல் 5இல் நல்ல வசதிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றையும் நிரலின் மேலே எழுதி இயக்க வேண்டும். எண்ணை 7 ஆக்கி, அவற்றைத் தானாகவே இயங்கும்படி வைத்துவிடலாம் என்றார். சிக்கல் என்னவென்றால், அப்படிச் செய்தால் பழைய நிரல்கள் பல ஓடாது.

ஒப்பந்தம் என்று மேலே சொன்னேனே, அதில் நேராகக் கைவைக்கும் திட்டம் இது. எதிர்ப்பு கடுமையாக வந்தது. கருத்து வேறுபாடாக நின்றிருந்தால் பரவாயில்லை, ஆட்களை நோகடிக்கும் அளவுக்குப் போனது. 2021 ஏப்ரலில் சாயர், தனக்கு நேர்ந்த மோசமான நடத்தையைச் சொல்லிவிட்டுப் பொறுப்பிலிருந்து விலகினார். விசுவாசத்தின் அசிங்கமான முகம் இதுதான். மொழியைக் காக்கிறோம் என்ற நினைப்பில், அதற்காக உழைக்கும் ஆளை விரட்டிவிடுவார்கள்.

இதற்கிடையே ஒரே தலைவர் என்ற முறை போய், மூன்று பேர் கொண்ட வழிநடத்தும் குழு வந்துவிட்டது. அந்தக் குழு 2022இல் எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பெர்ல் 7 இப்போதைக்கு இல்லை. ஆனால் நிரலின் முதல் வரியில் 5.36 பதிப்பு வேண்டும் என்று ஒருவர் எழுதினால், கண்டிப்பான சரிபார்ப்பும் எச்சரிக்கைகளும் இன்னும் சில புதிய வசதிகளும் தானாகவே இயங்கும். எழுதாதவருக்குப் பழையபடியே எல்லாம் ஓடும். 2023இல் வந்த 5.38 முதல், தரவையும் அதன் செயல்களையும் ஒன்றாகக் கட்டும் வகுப்புகளை (கிளாஸ்) எழுதும் புதிய முறையும் பரிசோதனை நிலையில் இருக்கிறது.

புதியவர்களைத் திட்டுவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளில் திட்டினார்கள். கேள்வி கேட்டால் "கையேட்டைப் படி" என்று முகத்தில் அடித்ததுபோல் பதில் வரும். கையேடு அருமையானது என்பது வேறு விஷயம். இப்போது நிலைமை தலைகீழ். புதியவர் ஒருவர் வந்தால் பதில் சொல்ல நாலு பேர் ஓடி வருகிறார்கள். ஆள் குறைந்ததால் வந்த பணிவு என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு. இருக்கலாம். திட்டு வாங்குவதைவிட அது மேல்.

தமிழுக்கு இதனால் ஏதாவது உண்டா?

உண்டு. கணினிக்கு "கொ" என்பது ஓர் எழுத்தல்ல, ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். பல மொழிகளில் தமிழ்ச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் தவறான எண்ணிக்கை வருவது இதனால்தான். பெர்லின் தேடல் வடிவங்களில் பேக்ஸ்லாஷும் பெரிய எக்ஸும் போட்டால், மனிதர் பார்வையில் ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். கலப்பு உரையிலிருந்து தமிழ் எழுத்துகளை மட்டும் பிரிக்கவும் வழி இருக்கிறது. மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். உரையோடு மல்லுக்கட்டவே பிறந்த மொழி அல்லவா?

நான் இப்போது பெர்ல் கற்றுக்கொள்ளலாமா?

வேலை தேடித்தான் கற்கிறீர்கள் என்றால், முதல் மொழியாக இதை எடுக்கச் சொல்ல மாட்டேன். பழைய பெர்ல் நிரல் உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறதென்றால், 5.36க்குப் பிந்தைய பதிப்பை நிறுவி, அந்தப் பதிப்பு எண்ணை முதல் வரியில் எழுதி, புதிய நடையிலேயே தொடங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் பெர்ல் பாடங்களில் பெரும்பகுதி தொண்ணூறுகளின் நடையில் இருக்கும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மொழியோடு வரும் கையேடு எப்போதும் புதிது.

கூட்டத்தில் சேரத்தான் ஆசை என்றால், நீங்கள் ஏற்கனவே பயன்படுத்தும் ஒரு சிபான் மாட்யூலை எடுங்கள். அதன் விளக்கத்தில் எங்காவது புரியாத வரி இருக்கும். அதைத் திருத்தி அனுப்புங்கள். பதில் பெரும்பாலும் சில நாளில் வரும். வராவிட்டால், அந்த மாட்யூல் ஆளில்லாமல் கிடக்கிறதா என்று பாஸில் போய்ப் பாருங்கள்.